ரோடு ஊருக்குள்ளயா, காட்டுக்குள்ளயா?

மதுரைக்குத் தெற்கே போற பழைய ரோட்டை மங்கம்மா சாலைன்னு பெரியவங்க சொல்லுவாங்க. 17-ம் நூற்றாண்டுக் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பேரு அது. வழிநெடுக சத்திரம், நிழல் மரம். ரோட்டை நம்பித்தான் கடைகளும் ஊர்களும் பெருத்துச்சு.

அந்த ரோட்டை அகலப்படுத்தணும்னா, நடுக்கோட்டிலிருந்து ரெண்டு பக்கமும் அளந்து கடைகளை இடிக்கணும். இல்லேன்னா ஊரைச் சுத்தி பைபாஸ். கடைக்காரங்களுக்குச் சங்கம் உண்டு, கடையடைப்பு உண்டு. கரிசக்காட்டுக்கு என்ன இருக்கு? கோவில்பட்டியில நாற்கரச் சாலை ஊருக்கு வெளியேதான் போச்சு.

நிலத்துக்குக் கொடுத்த விலைதான் பெரிய கதை. 1894-ம் வருஷச் சட்டத்தில் சந்தை விலைக்கு மேல ஆறுதல் தொகை இருந்துச்சு. 1984-ல் அது 30 சதவீதமாச்சு. 1997-ல் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தைத் திருத்தினப்ப, நெடுஞ்சாலைக்குப் போற நிலத்துக்கு மட்டும் அது இல்லாமப் போச்சு. (அதே நிலத்தை அப்ப ஆஸ்பத்திரிக்கு எடுத்திருந்தா கிடைச்சிருக்கும்!) அது தப்பு, கொடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது 2019-ல். 22 வருஷம்.

ரோடு நல்ல ரோடுதான், நானும் அதுலதான் போறேன். காடு ரெண்டு துண்டானவங்க மட்டும் மறுபக்கம் உழ, டிராக்டரைச் சுத்தி ஓட்டிட்டுப் போறாங்க.