சிவப்பு நூலும் ஜிஆர்இ தேர்வும்

1993இல் பெய்ஜிங்கில் யூ மின்ஹோங் நியூ ஓரியண்டல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய காலத்தில், அமெரிக்கப் பட்டமேற்படிப்புக்குரிய ஜிஆர்இ தேர்வின் மொழிப்பகுதி எதிர்ச்சொல் வினாக்களையும், 'தச்சனுக்கு உளி என்றால் உழவனுக்குக் கலப்பை' என்பதுபோல் சொல்லிணைகளின் உறவைக் காணச் சொல்லும் ஒப்புமை வினாக்களையும் பெரிதும் சார்ந்திருந்ததால், ஆங்கிலத்தில் சரளமாகப் பேச இயலாத சீன மாணவரும் அருஞ்சொற்களை நெட்டுருப் போட்டே நல்ல மதிப்பெண் பெற முடிந்தது. யூ தொகுத்த சிவப்பு அட்டைச் சொற்றொகுதிக்கு, முன்பு மாவோவின் மேற்கோள் நூலுக்கு வழங்கிய 'சிவப்புப் புதையல் நூல்' என்ற பெயரையே மாணவர்கள் சூட்டினர். அமெரிக்கா செல்வதற்கான கையேட்டுக்கு இப்பெயர் வாய்த்தது வரலாற்றின் குறும்பே. தேர்வெழுதியோர் வினாக்களை நினைவிலிருந்து எழுதி இணையத்தில் பகிர்ந்ததால், 2002இல் சீனாவில் தேர்வின் மொழிப்பகுதி கணினியிலிருந்து மீண்டும் தாளுக்கு மாற்றப்பட்டது. எதிர்ச்சொல், ஒப்புமை வினாக்கள் 2011 ஆகஸ்டில் நீக்கப்பட்டன.