பிரட்டும் பள்ளி மணியும்

தோட்டத்துத் தமிழருக்குக் கல்வியில் நாட்டமில்லை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் காட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பது இந்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் குற்றச்சாட்டு. துரைமார் சொன்னார்கள்; சர்க்கார் அதிகாரிகள் எழுதினார்கள்; பட்டணத்தில் நாலெழுத்துப் படித்த நம்மவர்களும் அதையே வேதவாக்காகக் கொண்டு மேடையேறிப் பேசினார்கள். பிள்ளை பள்ளிக்கு வராத நாளெல்லாம் பெற்றவரின் அறியாமைக் கணக்கிலேயே பற்று எழுதப்பட்டது. அக்கணக்கு சரிதானா என்பதைச் சரித்திரத்தை வைத்துப் பார்ப்போம். கணக்கு எழுதுவதே நம் பிழைப்பாதலால் இதில் நமக்குச் சற்று அக்கறை அதிகம்.

கோலா சாவா நெகிரி செம்பிலானில் ரந்தாவுக்கும் ரெம்பாவுக்கும் இடையே உள்ள சிற்றூர். சாவா என்றால் மலாய் மொழியில் நெல்வயல். ஆனால் நம் முன்னோர் இங்கு வந்து கண்டது நெல்வயலன்று, பால்மரக்காடு. சுற்றுவட்டாரத்தில் லின்சம், கொம்போக் முதலிய தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்றும் உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டத்தின் பெயர் நிலைத்தது.

பழைய தோட்டத்தில் இரண்டு பெயர்ப்பட்டிகள் இருந்தன. ஒன்று செக்ரோல். விடியுமுன் பிரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையில் நிற்க, பேர் கூப்பிட்டு, வந்தவர் வராதவரைக் கிராணி குறித்துக்கொள்ளும் ஏடு அது. மற்றொன்று பள்ளிக்கூடத்து ஆஜர்ப் பட்டி. ஒரே பிள்ளையின் பெயர் இவ்விரண்டிலும் இருந்த காலம் உண்டு. முதல் ஏட்டில் ஆஜரானால் மாதக் கடைசியில் சில காசுகள் வரும். இரண்டாம் ஏட்டில் ஆஜரானால் என்ன வரும் என்பதைச் சொல்வார் ஒருவருமில்லை. எந்த ஏடு வென்றிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். ஐக்கிய மலாய் நாடுகளில் 1912-ம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கும் கடமையை முதலாளியின் தலையில் வைத்தது. 1923-ம் ஆண்டுச் சட்டமும் அதையே உறுதி செய்தது. பள்ளிப் பருவம் 7 முதல் 14 வயது வரை. இச்சட்டத்தைச் சிலர் இன்றளவும் புகழ்கிறார்கள். புகழட்டும். அது கேட்டது பள்ளிக்கூடத்தை; பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே தீரவேண்டும் என்று அது எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. மலாய்ச் சிறுவர் பள்ளிக்கு வருவதைக் கட்டாயமாக்கிய விதிகள் சிலாங்கூரில் 1891-லேயே தோன்றிவிட்டன என்பதை நினைக்கும்போது, கட்டாய வருகை என்னும் எண்ணமே அக்காலத்து ஆட்சியாளருக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. தெரிந்திருந்தும் தோட்டத்துப் பிள்ளைக்கு அதை நீட்டவில்லை. நீட்டியிருந்தால் ஒட்டுப்பால் பொறுக்கவும் புல் பிடுங்கவும் கைகள் குறைந்திருக்கும்.

ஆகவே சட்டத்திற்காகக் கொட்டகைகள் எழுந்தன. எங்கோ ஒரு மூலையில் அத்தாப்புக் கூரை வேய்ந்த ஓர் அறை. எல்லா வகுப்பும் அதற்குள்ளேயே. உபாத்தியாயர் என்று தனியாக ஒருவர் இல்லாத இடங்களில் கிராணியோ கங்காணியோ தம் வேலை போக மிச்ச நேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். 1938-ம் ஆண்டுக்குள் இத்தகைய தோட்டப் பள்ளிகள் 500-ஐத் தாண்டிவிட்டன. எண்ணிக்கையில் குறை சொல்ல இடமில்லை.

பெற்றோரின் நிலை என்ன? 1928-ம் ஆண்டில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை சரிந்த 1930-ல் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு வெட்டப்பட்டது. கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்தாலும் கடைக்கடன் தீராத குடும்பத்தில், பத்து வயதுப் பையன் கொண்டுவரும் சில காசு உப்புக்கும் புளிக்கும் ஆயிற்று. அப்பையனைப் பள்ளிக்கு அனுப்புவது என்றால் அந்த உப்பையும் புளியையும் விடுவது என்று பொருள். பெண் பிள்ளையின் கதை வேறு. அவள் பெயர் செக்ரோலில்கூட இராது. தாய் பால்வெட்டப் போகும்போது கைக்குழந்தையை ஏந்த ஆள் வேண்டும். ஆயாக்கொட்டகை ஒழுங்காக நடந்த தோட்டங்களில் அக்காள்மார் பள்ளிக்கு வந்தார்கள். ஆயா இல்லாத இடத்தில் ஒன்பது வயது அக்காளே ஆயா. பெண் கல்வி பற்றி மேடைகளில் எவ்வளவோ பேசப்பட்டது. ஒரு நல்ல ஆயாக்கொட்டகை அப்பேச்சுக்களைவிட அதிகம் செய்திருக்கும் என்பது நம் கருத்து.

சில தோட்டங்களில் காலையில் வேலை, பிற்பகலில் பள்ளி. சிலவற்றில் காலையில் பள்ளி, பிற்பகலில் வேலை. விடியற்காலையில் எழுந்து காட்டில் நின்ற பிள்ளை, பிற்பகலில் பலகைமேல் தலை சாய்த்துத் தூங்குவது இயற்கை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே அரைநாள் முறை ஆங்கிலேயர் நாட்டிலும் இருந்ததுதான். 1844-ம் ஆண்டின் ஆலைச் சட்டம் 8 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பாதி நாள் ஆலையிலும் பாதி நாள் பள்ளியிலும் வைத்தது. லங்காஷயரின் பஞ்சாலைப் பிள்ளைகள் பள்ளியில் தூங்கி விழுவதை அங்குள்ள உபாத்தியாயர்கள் முறையிட்டு முறையிட்டு, கடைசியில் 1918-ம் ஆண்டுக் கல்விச் சட்டம் அம்முறைக்கு முடிவு கட்டியது. 1921-ல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடும், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பள்ளி நேரத்தில் விவசாய வேலையில் ஈடுபடுத்தலாகாது என்று தீர்மானித்தது. தம் மண்ணில் தீங்கென்று கண்டு விலக்கிய ஒன்றை, அதே இனத்தார் 1923-ல் இங்கே சட்டம் வகுத்தபோது தோட்டத்தில் தொடரவிட்டனர்.

அந்நியரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. 1953-ல் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராயிருந்த இராஜாஜி, ஆரம்பப் பள்ளியின் நேரத்தை மூன்று மணியாகச் சுருக்கி, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார். அதைக் குலக்கல்வி என்று கூறித் தமிழ்நாடு கொதித்தெழுந்ததும், 1954-ல் காமராஜர் பதவிக்கு வந்தபின் அத்திட்டம் கைவிடப்பட்டதும் வாசகர்கள் அறிந்ததே. பெயரில்லாமலே அத்திட்டம் மலாயாத் தோட்டங்களில் பல பத்தாண்டுகள் நடந்திருந்தது. பால்வெட்டுகிறவன் மகன் பால்வெட்டப் பழகினான். அதைக் கண்டு கொதிக்க இங்கே பத்திரிகைகளும் சங்கங்களும் அப்போதுதான் தலையெடுத்துக் கொண்டிருந்தன.

பின்னர்ச் சர்க்கார் உதவிப் பணம் வந்தது. வருகையையும் பரீட்சையையும் பார்த்து, தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் முறை அது. அதுவும் இங்கிலாந்திலிருந்து வந்த சரக்கே; ராபர்ட் லோ என்னும் மந்திரி 1862-ல் ஏற்படுத்திய விதிகளின் பேரப்பிள்ளை. நல்ல எண்ணத்தோடு செய்ததாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் ஏடு எழுதிப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும்: எண்ணிக்கை பணமாகும் இடத்தில், ஏட்டில் ஆள் பெருகுவதற்கு ஆள் வரவேண்டிய அவசியமில்லை. பிள்ளை ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு அந்த ஏட்டில் இடமே இல்லை. வந்தான், வரவில்லை என்ற இரண்டே குறிகள்தாம்.

எல்லாவற்றிலும் பெரிய காரணத்தை இன்னும் சொல்லவில்லை. தோட்டப் பள்ளி பெரும்பாலும் நாலாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்கப்பால் வழியில்லை. ஆபீஸ் உத்தியோகத்திற்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில் இருந்தது. அதற்குச் சம்பளம் கட்டவேண்டும். சிரம்பானில் 1899-லேயே செயின்ட் பால் பள்ளி தொடங்கப்பட்டுவிட்டது. தோட்டத்திலிருந்து அத்தகைய பள்ளிகளுக்குப் போனவர்கள் பெரும்பாலும் கிராணிமார் பிள்ளைகள். லயத்துப் பிள்ளை நாலு வகுப்பும் நாள் தவறாமல் வந்தாலும் ஐந்தாம் ஆண்டில் நிற்கப்போவது அதே பிரட்டுக்களத்தில். இதைத் தகப்பன் அறிவான், பிள்ளையும் அறிவான். போய்ச் சேர ஊரில்லாத பாதையில் ஒருவன் மெல்ல நடந்தால் அவனைச் சோம்பேறி என்பது நியாயமாகுமா? ஆங்கிலப் பள்ளியில் படித்த நம்மைப் போன்றவர்கள் இக்கேள்வியை எளிதில் தாண்டிப் போய்விடுகிறோம்.

அக்கறையில்லை என்ற குற்றச்சாட்டுக்குத் தொழிலாளரே ஒருமுறை பதில் சொன்னார்கள். 1941-ம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்றனர்; பட்டாளம் வந்தது; உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அவர்களுடைய கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், துரைக்கு முன்னால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற இழிவை நீக்குதல் ஆகியவற்றோடு, பிள்ளைகளுக்குத் தகுந்த கல்வி வேண்டும் என்பதும் அங்கே இருந்தது. உதைக்கும் சிறைக்கும் அஞ்சாமல் நின்றவர்கள், கூலிக்குச் சமமாக வைத்துக் கேட்டது பிள்ளையின் படிப்பை. இந்த ஒரு கோரிக்கையைப் பார்த்தபின்னும் அக்கறையில்லை என்று சொல்லுகிறவர் எதைப் பார்த்துத்தான் நம்புவார்?

அடுத்த ஆண்டு ஜப்பானியர் நாட்டைப் பிடித்தனர். சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுபோகப்பட்டனர், திரும்பாதவர் பலர். தகப்பனை இழந்த வீட்டில் மூத்த பிள்ளையே தகப்பன். அக்காலத்துப் பள்ளி வருகையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது!

சுதந்தரத்துக்குப் பின் நிலைமை மாறியது. ஒவ்வொரு தடையாகக் கழன்றது. 1962-ல் ஆரம்பப் பள்ளிச் சம்பளம் ஒழிந்தது. உயர்நிலைப் பள்ளியின் வாசலை அடைத்து நின்ற நுழைவுத் தேர்வு 1964-ல் கைவிடப்பட்டது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வகுப்பு முடித்த பிள்ளை, புகுமுக வகுப்பு ஓராண்டு படித்து மேலே போகலாம் என்றாயிற்று. பாதைக்கு ஓர் ஊர் கிடைத்தது. சிறுவர் இளைஞர் வேலைச் சட்டம் 1966-ல் வந்து 14 வயதுக்குட்பட்டவர்களைக் கூலி வேலைக்கு வைப்பதற்குக் கடிவாளம் போட்டது. ஆனால் அதே காலத்தில்தான் தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் சிதறின. 1969-க்குப் பின் குடியுரிமையில்லாதவர் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்ற சட்டம் கடுமையாக அமலானபோது, ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர் இந்தியாவுக்குத் திரும்பினர். பிறப்புப் பத்திரமும் குடியுரிமைச் சீட்டும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அன்றுதான் லயத்துக்குப் புரிந்தது. 1973-ல் வெளிவந்த முராட் குழுவின் இடைநிற்றல் ஆய்வும், பிள்ளைகள் படிப்பை விடுவதற்கு வறுமையைப் பெருங்காரணமாகக் காட்டியது. மறுபடியும் அதே உப்பும் புளியும்!

பசியைப் பற்றித் தமிழர் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கத்தக்க அனுபவம் உடையவர்கள். 1920-ல் சென்னை நகரசபையின் தலைவராயிருந்த சர். பிட்டி. தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகள் பசியால் வராமலிருக்கிறார்கள் என்பதே அதற்குக் காரணம். சர்க்கார் செலவுக்கு இணங்காமையால் 1925-ல் அது நின்றது. காமராஜர் 1956-ல் அதை நாடெங்கும் பரப்பினார், 1982-ல் எம். ஜி. ஆர். விரிவாக்கினார். 2022-ல் தமிழ்நாட்டில் காலை உணவும் சேர்ந்தது. நமக்கு இதில் காலை உணவே முக்கியம். தாயும் தகப்பனும் விடியுமுன் வேலைக்குப் போகும் வீட்டில் காலையில் அடுப்பெரிவதில்லை. இது தோட்டத்தார் எல்லோரும் அறிந்தது. இந்நாட்டிலும் வறிய பிள்ளைகளுக்குப் பாடநூல் இரவல் திட்டம் 1975-லும், அதையொட்டி எழுபதுகளின் பிற்பகுதியில் துணை உணவுத் திட்டமும் வந்தன. பள்ளியில் உணவு கிடைத்தபின் யாரும் பெற்றோருக்குப் பிரசங்கம் செய்து பிள்ளையை இழுத்துவர வேண்டியிருக்கவில்லை.

கட்டாயச் சட்டம் கடைசியில்தான் வந்தது. 2003-ம் ஆண்டு ஜனவரி முதல் மலேசியாவில் ஆரம்பக் கல்வி கட்டாயம். பிள்ளையைச் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சிலாங்கூரின் 1891-க்கு இது 112 ஆண்டு பிந்தியது. இது வரும்போது கோலா சாவா வட்டாரத்து லயங்களில் பாதிக்குமேல் நம்மவர் இல்லை. செக்ரோலில் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர் பெயர்கள், அதுவும் கணினியில். நம் குடும்பங்கள் சிரம்பானுக்கும் செனவாங்குக்கும் புறநகர்த் தாமான்களுக்கும் போய்விட்டன. பள்ளி தோட்டத்தில், பிள்ளை பட்டணத்தில். 150 பேருக்குக் குறைந்த பள்ளிகள் என்ற பட்டியலில் தோட்டப் பள்ளிகள் பல நிற்கின்றன. ஒரு காலத்தில் லயத்துக்கு எதிரிலேயே பள்ளி இருந்தும் பிள்ளை வர முடியவில்லை. இப்போது வர விரும்பினாலும் வேன் வேண்டும், வேனுக்கு மாதக் கட்டணம் வேண்டும். வேலை நிரந்தரமில்லாத தகப்பனுக்கு ஒரு மாதம் தவறினால், அம்மாதம் ஆஜர்ப் பட்டியில் வரிசையாக வராக்குறி விழுகிறது.

அக்குறிகூட விழாத பிள்ளைகளும் உண்டு. பிறப்பைப் பதியாமல் விட்டதாலோ, பெற்றோரின் மணம் பதிவாகாததாலோ, பாட்டன் காலத்துச் சிவப்பு அடையாளச் சீட்டு இன்னும் மாறாததாலோ, பத்திரமின்றித் திண்டாடும் பிள்ளைகள் அவர்கள். அவர்களைப் பள்ளியில் சேர்ப்பதற்கே வீட்டார் பதிவு இலாகாவுக்கும் கல்வி இலாகாவுக்கும் மாறிமாறி நடக்கிறார்கள். நடக்கிற நாளெல்லாம் அந்தத் தாய்க்குக் கூலி இல்லை. கையில் ஒரு கோப்பு, அதில் மருத்துவமனைச் சீட்டு, கிழிந்த அடையாளச் சீட்டின் நகல், யாரோ எழுதிக்கொடுத்த மனு. பிள்ளையும் கூடவே வரிசையில் நிற்கிறது. அதன் வயது ஒன்பதோ பத்தோ இருக்கும்.