திரும்பி வரும் உந்துகணை

புதுக்குடியிருப்பில் 'உந்துகணை' என்று சொன்னால் விண்வெளி ஆய்வு எவருடைய நினைவுக்கும் முதலில் வராது. 2009 ஜனவரி 29 முதல் பெப்ரவரி 4 வரையான ஒரு வாரத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை பல்குழல் எறிகணைகளாலும் ஏனைய பீரங்கிகளாலும் நாள்தோறும் தாக்கப்பட்டதாகவும், ஆகக்குறைந்தது ஒன்பது தடவைகள் நேரடியாக இலக்கானதாகவும் ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது. போரிட்ட இரு தரப்பினரதும் மீறல்களைப் பதிவு செய்த அந்த அறிக்கையை இலங்கை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளவில்லை. 'பல்குழல் எறிகணை' என்று நாம் பத்திரிகைகளில் எழுதிவந்தது, ஒரே வாகனத்திலிருந்து அடுத்தடுத்து ஏவப்படும் உந்துகணைகளையே.

இதே உந்துகணையை மேலைநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் தம் கையாலேயே கட்டி, சில கிலோமீற்றர் உயரத்துக்கு அனுப்பி மகிழ்கிறார்கள். இரண்டும் இயங்குவது ஒரே விதியின்படிதான். பின்னே வாயு பீறிட, முன்னே உடல் நகர்கிறது. அப்படியாயின் இவ்விரண்டையும் பிரிப்பது எது என்பதை அறிய, வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அந்த வரலாற்றின் முக்கியமான அத்தியாயம் ஒன்று தமிழ் மண்ணிலேயே எழுதப்பட்டது. 1780 செப்டெம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள புள்ளலூரில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் படைகள் கேணல் பெய்லி தலைமையிலான ஆங்கிலேயப் படையை முறியடித்தன. மைசூர்ப் படையின் உந்துகணைகள் அப்போரில் பெரும் பங்கு வகித்தன. அதுவரை உலகில் பெரும்பாலும் காகிதத்தாலும் மூங்கிலாலும் செய்யப்பட்டுவந்த குழாயை மைசூரார் இரும்பால் செய்தனர். இரும்பு கூடிய அழுத்தத்தைத் தாங்கியதால் கணை கூடிய தூரம் பாய்ந்தது. உடன் கட்டப்பட்ட நீண்ட மூங்கில் கழி அதற்குத் திசையுறுதி அளித்தது. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் பாழ்கிணறு ஒன்றிலிருந்து இத்தகைய கணைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை 2018இல் தோண்டி எடுக்கப்பட்டன.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கைப்பற்றப்பட்ட கணைகள் இங்கிலாந்துக்குச் சென்றன. வில்லியம் கொங்கிறீவ் அவற்றை மேலும் விருத்தி செய்தார். 1807இல் கோப்பன்ஹேகன் நகரம் அவருடைய உந்துகணைகளாலும் எரிந்தது. காஞ்சிபுரத்து வயல்வெளியில் படைகள்மீது வீசப்பட்ட ஆயுதம், இருபத்தேழு ஆண்டுகளில் நகரத்து மக்கள்மீது வீசப்படும் ஆயுதமாயிற்று.

இரும்பைக் கைவிடும் எண்ணம் பிறந்தது போர்க்களத்தில் அன்று, சிறுவர்களின் மரணத்தில். 1957 ஒக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபின் அமெரிக்கச் சிறுவர்கள் பலர் இரும்புக் குழாய்களில் இரசாயனங்களைத் திணித்துத் தாமே உந்துகணை செய்ய முனைந்தனர். குழாய்கள் வெடித்தன, விரல்களும் கண்களும் உயிர்களும் பறிபோயின. நெப்ராஸ்கா மாநிலத்தில் காலணிக் கடை நடத்திய ஓர்வில் கார்லைல் என்பவர் இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே காகிதக் குழாயும், ஒருமுறை பயன்படுத்தி அகற்றும் இயந்திரமும், இறங்குவதற்கு ஒரு குடையும் கொண்ட சிறு உந்துகணையை உருவாக்கியிருந்தார். ஏவுதளப் பொறியியலாளர் ஹரி ஸ்டைன் அதனை எடுத்துக்கொண்டு விதிமுறைகளை வகுத்தார். உடல் பாரமற்றதாக, உலோகம் அல்லாததாக இருக்க வேண்டும். எரிபொருளைச் சிறுவர்கள் தாமே கலக்கக் கூடாது. ஏவுபவர் தள்ளி நிற்க வேண்டும். கணை பத்திரமாகத் தரையிறங்க வேண்டும்.

1980களில் இப்பொழுதுபோக்கு வளர்ந்து 'உயர்திறன்' உந்துகணையாயிற்று. வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கியபோது காகிதம் தாங்கவில்லை. அங்கேதான் கூட்டுப்பொருட்கள் வந்தன. கண்ணாடியிழைத் துணியை ஓர் உருளையின்மேல் சுற்றி, பிசினில் தோய்த்து இறுகவிட்டால் இரும்பின் பாரம் இல்லாமலே உறுதியான குழாய் கிடைக்கிறது. முல்லைத்தீவுக் கரையில் பைபர் படகுக்கு ஒட்டுப்போடும் தொழிலாளிக்கு இது புதிய வித்தையன்று. அதே துணி, அதே வகைப் பிசின். கண்ணாடியிழைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அதனூடாக வானொலி அலைகள் தடையின்றிச் செல்லும். ஆகவே கணையின் மூக்கினுள் வைத்த கருவி தான் விழுந்த இடத்தைத் தெரிவிக்கும். கரியிழையோ உலோகமோ அந்தச் சமிக்ஞையை மறைத்துவிடும்.

உச்சியை அடைந்ததும் காற்றழுத்தத்தை அளக்கும் சிறு மின்னணுக் கருவி ஒரு சிறு குடையை வெளித்தள்ளுகிறது. தரைக்குச் சில நூறு மீற்றர் மேலே பெரிய குடை விரிகிறது. கட்டுபவர்களுக்குத் தகுதிச் சான்று வழங்கும் சங்கங்களின் விதி ஒன்று கவனிக்கத்தக்கது: எவ்வளவு உயரம் பறந்தாலும், கணை மீண்டும் பறக்கக்கூடிய நிலையில் தரையிறங்காவிட்டால் சான்று கிடையாது. ஆயுதம் போகுமிடத்தை மட்டும் எண்ணிச் செய்யப்படுவது. இது திரும்பி வருவதையும் எண்ணிச் செய்யப்படுவது.

இந்தியாவின் கதையும் இந்த அளவில்தான் தொடங்கியது. கேரளக் கடற்கரைக் கிராமமான தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று பறந்தது அமெரிக்காவில் செய்யப்பட்ட கணை. நான்கு ஆண்டுகளின் பின், 1967இல், இந்தியா தானே செய்து ஏவிய ரோகிணி-75இன் விட்டம் 75 மில்லிமீற்றர் மட்டுமே. இன்றைய உயர்திறன் பொழுதுபோக்காளர்கள் பயன்படுத்தும் இயந்திர அளவுகளில் ஒன்றும் அதுவே. அங்கு பணியாற்றிய இராமேஸ்வரத்து இளைஞர் அப்துல் கலாம், அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் பயிற்சி பெற்றபோது திப்புவின் உந்துகணைப் படையைச் சித்திரிக்கும் ஓவியம் ஒன்றைக் கண்டதை 'அக்கினிச் சிறகுகள்' நூலில் குறிப்பிடுகிறார். அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி-3 1980 ஜூலை 18 அன்று செய்மதியை விண்ணில் நிறுத்தியது. அதன் முதற் கட்டமே பின்னர் அக்னி ஏவுகணையின் முதற் கட்டமாகி 1989இல் பறந்தது. அறிவு ஒரு பக்கம் மட்டும் சாய்வதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும் ஏவுகணைக்காக உருவான பாரமற்ற கூட்டுப்பொருள் இன்னொரு வழியிலும் சென்றது. ஹைதராபாத் வைத்தியர் ஒருவரின் வேண்டுகோளின் பேரில், போலியோவால் கால் செயலிழந்த சிறுவர்கள் சுமந்து திரிந்த மூன்று கிலோகிராமுக்கு மேற்பட்ட உலோகத் தாங்கிக்குப் பதிலாக 300 கிராம் எடையுள்ள தாங்கியைக் கலாமின் ஆய்வுகூடம் செய்தது. தமக்குப் பேரானந்தம் தந்த பணிகளுள் இதுவும் ஒன்று என அவர் பலமுறை கூறியிருக்கிறார். எறிகணையாலும் மிதிவெடியாலும் கால் இழந்தோர் இத்தனை பேர் வாழும் வன்னிக்கு இந்தச் செய்தியின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

அண்மையில் 2024 ஓகஸ்ட் 24 அன்று சென்னைக்குத் தெற்கே திருவிடந்தையிலிருந்து 'ரூமி-1' என்ற உந்துகணையை ஸ்பேஸ் சோன் இந்தியா என்ற தனியார் நிறுவனம் ஏவியது. திரும்பப் பெற்று மீண்டும் பயன்படுத்தும் நோக்குடன் வடிவமைக்கப்பட்டது அது. 2023 பெப்ரவரியில் அருகிலுள்ள பட்டிபுலத்திலிருந்து பறந்த கணை, பள்ளி மாணவர்கள் செய்த 150 சிறு செய்மதிகளைச் சுமந்து சென்றது. புள்ளலூரும் திருவிடந்தையும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்குள் அடங்கிய ஊர்கள். ஒரே மாவட்டத்து வானம் இரண்டு விதமான உந்துகணைகளையும் பார்த்துவிட்டது.

புதுக்குடியிருப்பு வானம் ஒன்றை மட்டுமே பார்த்திருக்கிறது. அங்கே பிள்ளைகள் உந்துகணை விட வேண்டுமென்று இன்றே கோருவது பொருத்தமாகாது. அனுமதி வேண்டும், ஆளில்லாத வெளி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஓசையைக் கேட்டு நடுங்கிய பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஆனால் பைபர் துணியும் பிசினும், அவற்றைக் கையாளத் தெரிந்த கைகளும் முல்லைத்தீவுக் கரையில் உள்ளன. பாடசாலையொன்றுக்கு உதவ விரும்பும் புலம்பெயர் உறவுகள் கணினிகளோடு ஒரு சிறு கூட்டுப்பொருள் பட்டறையையும் எண்ணிப் பார்க்கலாம். அங்கே முதலில் படகின் துடுப்பு செய்யப்படட்டும். அடுத்து ஒருவருக்கேனும் பாரமற்ற கால் தாங்கி செய்யப்படட்டும். குடை விரித்து இறங்கும் உந்துகணை அதன் பிறகு வரட்டும்.