பத்மநாபபுரம்

பத்மநாபபுரம், தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில், கல்குளம் வட்டத்தில் உள்ள ஒரு நகராட்சி ஆகும். கருங்கற்கோட்டையால் சூழப்பட்ட இவ்வூர் 18 ஆம் நூற்றாண்டின் இறுதி வரை திருவிதாங்கூர் அரசின் தலைநகராக விளங்கியது. இங்குள்ள மரத்தாலான அரண்மனை புகழ் பெற்றது. இவ்வரண்மனை தமிழ்நாட்டு எல்லைக்குள் அமைந்திருப்பினும் கேரள அரசின் தொல்லியல் துறையால் பராமரிக்கப்படுகிறது.

அமைவிடம்

நாகர்கோவிலில் இருந்து சுமார் 15 கி.மீ. வடமேற்கே, வேளிமலையின் அடிவாரத்தை ஒட்டி இவ்வூர் அமைந்துள்ளது. திருவனந்தபுரம் சுமார் 55 கி.மீ. தொலைவில் உள்ளது. வட்டத் தலைமையிடமான தக்கலை இந்நகராட்சியின் ஒரு பகுதியாகும். 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு சுமார் 21 ஆயிரம் மக்கள் வசிக்கின்றனர்.

வரலாறு

இவ்வூரின் பழைய பெயர் கல்குளம் ஆகும். அருகிலுள்ள திருவிதாங்கோட்டைத் தலைநகராகக் கொண்டிருந்த வேணாட்டு அரச மரபினர் பின்னர் கல்குளத்துக்கு இடம் பெயர்ந்தனர். கி.பி. 1601 அளவில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் இங்கு அரண்மனையை எழுப்பியதாகக் கூறப்படுகிறது.

1729 இல் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மர் சிறு நாடாக இருந்த வேணாட்டைத் திருவிதாங்கூர் என்னும் பேரரசாக விரிவாக்கினார். 1741 இல் குளச்சல் போரில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைத் தோற்கடித்தார். சிறைபிடிக்கப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி அளித்து அதன் தளபதியாகவும் உயர்ந்தார். இவரது கல்லறை அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையில் உள்ளது.

1750 இல் மார்த்தாண்ட வர்மர் தமது நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்து, இறைவனின் அடியவராக (பத்மநாபதாசர்) ஆட்சி புரியலானார். கல்குளம், பத்மநாபபுரம் எனப் பெயர் பெற்றது இக்காலத்திலேயே ஆகும். அவருக்குப் பின் வந்த தர்மராஜா எனப்படும் கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்தில், 1795 அளவில், தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டது. பெருநகர வளர்ச்சி இவ்வூரை எட்டாமல் போனதால் கோட்டையும் அரண்மனையும் பெரும் மாற்றமின்றி எஞ்சின.

தமிழ்நாட்டுடன் இணைப்பு

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தாய்த்தமிழகத்துடன் இணைக்கக் கோரி மார்ஷல் நேசமணி முதலியோர் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. 1954 ஆகத்து 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். 1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. பத்மநாபபுரமும் அவ்வாறே இணைந்தது. அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பில் தொடர்ந்தது.

அரண்மனை

சுமார் ஆறரை ஏக்கர் பரப்பில் அமைந்த இவ்வரண்மனை, வெவ்வேறு காலங்களில் கட்டப்பட்ட பல கட்டடங்களின் தொகுதி ஆகும். இரு பருவமழைகளையும் பெறும் இப்பகுதிக்கு ஏற்ப, மழைநீர் விரைவில் வடியும் வகையில் ஓட்டுக் கூரைகள் மிகுந்த சாய்வுடன் அமைக்கப்பட்டுள்ளன. மரச்சட்டங்கள் இடைவெளி விட்டுப் பொருத்தப்பட்ட சாளரங்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடுகின்றன.

* பூமுகம்: நுழைவு மண்டபம். இதன் மரக் கூரையில் பலவகைப் பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன. இங்கு தொங்கும் குதிரை விளக்கு குறிப்பிடத்தக்கது.
* மந்திரசாலை: அரசர் அமைச்சர்களுடன் ஆலோசித்த மேல்மாடக் கூடம். சாளரங்களில் வண்ண மைக்கா பதிக்கப்பட்டுள்ளது. இதன் பளபளப்பான கருந்தளம் சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியவற்றின் கலவையால் ஆனது.
* தாய்க்கொட்டாரம்: தொகுதியின் மிகப் பழைய பகுதி. பலா மரத்தில் செதுக்கப்பட்ட தூண் இதன் சிறப்பாகும்.
* உப்பிரிகை மாளிகை: நான்கு அடுக்குகள் கொண்டது. மேல் அடுக்கு பத்மநாபசுவாமிக்கு உரியதாகக் கருதப்பட்டது. சுவர்களில் பழைய ஓவியங்கள் உள்ளன.
* ஊட்டுப்புரை: ஒரே வேளையில் பெருந்திரளானோர் உணவருந்தக்கூடிய கூடம்.
* நவராத்திரி மண்டபம்: கருங்கல் தூண்கள் கொண்ட கலை அரங்கு.

2014 இல் இவ்வரண்மனை யுனெசுகோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. திங்கட்கிழமைகளில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை.

பிற இடங்கள்

கோட்டைக்குள் உள்ள நீலகண்டசுவாமி கோயில், மகா சிவராத்திரியன்று நடைபெறும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களுள் ஏழாவது ஆகும். 2022 இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை, கிறித்தவ சமயத்தைத் தழுவும் முன் இக்கோயிலில் பணியாற்றினார். இராமசுவாமி கோயிலில் இராமாயணக் காட்சிகள் செதுக்கப்பட்ட மரப்பலகைகளைக் காணலாம். தக்கலையில் சூபிக் கவிஞர் பீர் முகம்மது அப்பாவின் தர்கா உள்ளது. ஆண்டுவிழா இரவில் அவரது ஞானப்புகழ்ச்சிப் பாடல்கள் பாடப்படுகின்றன.

நவராத்திரி ஊர்வலம்

தலைநகர் மாறிய பின்னர் நவராத்திரி விழாவும் திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டது. ஆயினும் விழாவுக்குரிய தெய்வங்கள் இன்றும் இங்கிருந்தே புறப்படுகின்றன. அரண்மனையின் தேவாரக்கட்டுச் சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருவுருவங்கள் ஆண்டுதோறும் ஊர்வலமாகக் கொண்டு செல்லப்படுகின்றன. சரசுவதி சிலையைச் சேர மன்னருக்குக் கம்பர் அளித்தார் என்பது மரபு. புறப்படும் முன் அரண்மனையில் உடைவாள் கையளிக்கும் சடங்கு நடைபெறும். களியக்காவிளையில் ஊர்வலத்துக்குக் கேரள அரசின் சார்பில் வரவேற்பு அளிக்கப்படுகிறது. விழா முடிந்ததும் திருவுருவங்கள் தத்தம் கோயில்களுக்குத் திரும்புகின்றன.

போக்குவரத்து

நாகர்கோவில், திருவனந்தபுரம் ஆகிய இடங்களில் இருந்து தக்கலைக்குப் பேருந்துகள் உள்ளன. அரண்மனை அங்கிருந்து சுமார் 2 கி.மீ. தொலைவில் உள்ளது. அருகிலுள்ள தொடருந்து நிலையம் இரணியல் ஆகும்.