பேரேடு முதல் கைத்தொலைபேசி வரை: ஊவாத் தோட்டங்களில் கணினியும் தமிழெழுத்தும்

ஒரு சமுதாயம் எத்தகைய கருவிகளைப் பயன்படுத்தியது என்பதை ஆராய்வது வரலாற்று நெறிகளுள் ஒன்று. அக்கருவிகள் எவர் கையில் இருந்தன, அவற்றில் எவர் மொழி எழுதப்பட்டது என்பவற்றை ஆராய்வது அதனினும் இன்றியமையாதது. ஊவா மாகாணத்துப் பெருந்தோட்டங்களைப் பொறுத்தவரை இவ்விரண்டாவது வினாவே முதன்மை பெறுகின்றது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, மடுல்சீமை ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகளில் வாழும் தமிழ்த் தொழிலாளர், செய்திக்குரிய ஒவ்வொரு கருவியையும் தாமதமாகவே பெற்றனர். பெற்றபோதும் பிறர் கைவழியே பெற்றனர். கணினியும் இணையமும் இவ்வழக்கை எவ்வளவிற்கு மாற்றின, எவ்வளவிற்கு மாற்றவில்லை என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

தகரச்சீட்டும் செக்றோலும்

தகவலைத் திரட்டுதல், சேமித்தல், வேண்டியபோது மீட்டல் ஆகிய மூன்றுமே கணினியின் அடிப்படைத் தொழில்கள். இம்மூன்றும் தோட்டங்களுக்குப் புதியன அல்ல. ஊவா 1886ஆம் ஆண்டில் தனி மாகாணமாயிற்று. கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை பரவிய காலமது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்னை முதலான தோட்டங்களை வாங்கினார். தோட்டங்கள் பெருகப் பெருகத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொணர்தலும், அவர்களைக் கணக்கில் வைத்தலும் பெரும் நிருவாகத் தொழிலாக வளர்ந்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச்சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் பொறிக்கப்பட்ட சிறு தகரவில்லை அது. அதனைக் காட்டியே தொழிலாளி கடல்கடந்து தோட்டம்வரை வந்துசேர்ந்தார். எங்கே சேரவேண்டியவர் என்பதை அவ்வில்லை கூறிற்று. அவர் யார் என்பதைக் கூறவில்லை. அவர் தலைமீதிருந்த கடனைத் ‘துண்டு’ என்னும் காகிதம் கூறிற்று. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குத் தொழிலாளியை மாற்றுவதற்கு உதவிய இத்துண்டுமுறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது.

இவற்றினும் நீடித்து நின்றது ‘செக்றோல்’ எனப்படும் பேரேடு. காலைப் பெரட்டில் வந்தோரின் வேலையை நாள்தோறும் அதிற் பதிந்தனர். தோட்டத்து வழக்கில் ஒருநாட் சம்பளத்திற்குப் ‘பேர்’ என்றே பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ விழும். ஒருவரின் பெயர் ஏட்டில் ஏறுவதே அவரது அன்றைய உணவு என்னும் நிலையை இச்சொல் வழக்குத் தெளிவாகக் காட்டுகின்றது. ஆயின் அவ்வேட்டினை எழுதியவர் கணக்கப்பிள்ளை. பாதுகாத்தது தோட்ட அலுவலகம். தமது பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதை அப்பெயருக்குரியவர் பார்க்கும் வாய்ப்பு அரிது.

தபாற்பையும் தொலைபேசியும்

புகையிரதப் பாதை 1924இல் பதுளையை அடைந்தது. மலைநாட்டுத் தேயிலை துறைமுகம் செல்லும் வழியாகவே அது அமைந்தது. தந்தியும் தொலைபேசியும் அவ்வாறே துரையின் பங்களாவையும் அலுவலகத்தையும் நோக்கி வந்தன. தோட்டத்துத் தபாற்காரர் அஞ்சலகத்திலிருந்து சுமந்துவந்த பை அலுவலகத்திலேயே திறக்கப்பட்டது. லயத்து அறைகளுக்குத் தனித்த முகவரி இல்லாமையால், தொழிலாளிக்கு வந்த கடிதம் தோட்டத்தின் பெயருக்கே வந்து, பின்னரே அவரைச் சென்றடைந்தது. எழுதப்படிக்கத் தெரியாதோர், கடிதத்தைப் படிக்கவும் மறுமொழி எழுதவும் தோட்டப் பள்ளி ஆசிரியரையோ கணக்கப்பிள்ளையையோ நாடினர். ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் மூன்றாமவர் வாய்வழியே அக்குடும்பத்தை அடைந்தது என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

வானொலியே இவ்வேலியை முதலில் தாண்டியது. அதற்கு முகவரி வேண்டியதில்லை, எழுத்தறிவும் வேண்டியதில்லை. இணையம் நாட்டின் உட்பகுதிகளை எட்டத் தொடங்கியபோது வானொலியையே துணைக்கொண்டமை வியப்பன்று. 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் இணைய இணைப்பைப் பெற்றது. கேட்போர் அனுப்பிய வினாக்களுக்கு அறிவிப்பாளர் இணையத்தில் விடைதேடி, மக்கள் மொழியில் எடுத்துரைத்தனர். அம்முயற்சி மத்திய மாகாணத்தில் நிகழ்ந்தது. அதனையொட்டி, 2000களின் தொடக்கத்தில் ஊவாவிலும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஆதரவுடன் சமூக வானொலி உருவாயிற்று. இங்கும் இணையம் மக்களிடம் மற்றொருவர் குரலாகவே வந்தது. எனினும் இக்குரல் மக்களின் வினாவுக்கு விடைகூறிய குரல் என்பதால், பழைய இடையாளரிலிருந்து அது பெரிதும் வேறுபட்டதாகும்.

கணினியின் வருகை

இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைத்த லேர்ன் வலையமைப்பு 1990இல் தோன்றியது. வணிக முறையிலான இணையச் சேவை 1995இல் தொடங்கியது. இதற்குச் சற்று முன்னர், 1992இல், அரசின் வசமிருந்த தோட்டங்களின் முகாமைத்துவம் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கம்பனிகள் தோட்ட அலுவலகங்களிற் கணினியைப் புகுத்தின. அக்கணினி முதலிற் கற்ற பாடம் செக்றோலே ஆகும். பேரேட்டுத் தாளிலிருந்த பெயர்கள் ஆங்கில எழுத்தில் திரையில் ஏறின. அண்மைக் காலத்திற் சில தோட்டங்களில் கொழுந்தை நிறுக்கும் தராசும் மின்னணுமயமாகியுள்ளது. கருவி மாறியபோதும் கணக்கு வைத்திருப்பவரும் கணக்கில் இருப்பவரும் மாறவில்லை.

2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்வழி தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் நிறுவப்பட்டது. அதன் கீழ் ‘நெனசல’ என்னும் அறிவு நிலையங்கள் நாடெங்கும் திறக்கப்பட்டன. 2005இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தோன்றியது. இவற்றோடு ஒப்ப வைத்து நோக்கத்தக்கவை, மலைநாட்டு நகரங்களில் ‘கொமினிகேசன்’ என வழங்கும் சிறுகடைகள். நிழற்படி எடுத்தல், விண்ணப்பம் தட்டச்சிடல், மின்னஞ்சல் அனுப்புதல் ஆகிய யாவும் அங்கே நடைபெற்றன. தோட்டத்து மக்களுட் பலருக்குக் கணினி முதலில் அறிமுகமானது பலகைக்கு அப்பால், கடைக்காரரின் பக்கம் திரும்பியிருந்த திரையாகவேயாம்.

எழுத்துச் சிக்கல்

அத்திரையில் தமிழ் தோன்றியமை எளிதாக நிகழ்ந்ததன்று. கனடாவில் சீனிவாசன் 1984இல் அமைத்த ‘ஆதமி’, மலேசியாவில் முத்து நெடுமாறன் அமைத்த ‘முரசு’ ஆகிய மென்பொருள்கள் இத்துறையின் முன்னோடிகள். இலங்கையிற் பெருவழக்குப் பெற்றது ‘பாமினி’ என்னும் எழுத்துரு. பழைய ரெங்கநாதன் தட்டச்சு விசையமைப்பை அது தழுவியதால், தட்டச்சுப் பயின்றோர் தடையின்றிக் கணினிக்கு மாறினர். விண்ணப்பங்கள், வினாத்தாள்கள், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்கள், கோயில் அழைப்பிதழ்கள் எல்லாம் பாமினியில் உருவாயின.

பாமினியின் குறை அதன் அமைப்பிலேயே இருந்தது. கணினியின் உள்ளே தங்கியது ஆங்கில எழுத்தே. எழுத்துரு அதற்குத் தமிழ் வடிவம் என்னும் போர்வையை இட்டது. போர்வை இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். பண்டாரவளைக் கடையொன்றில் தட்டச்சிட்ட விண்ணப்பம் கொழும்பு அலுவலகத்தில் வெற்றுக் குறிகளின் குவியலாகக் கிடக்கக்கூடும். இக்குறிகளைக் கண்டோர் கணினியில் நச்சுநிரல் புகுந்ததென எண்ணிக் கோப்பை அழித்தலும் உண்டு. அவ்வெழுத்துருவை நிறுவினாலே பெரும்பாலும் கோப்பு மீளும் என்பது அறியாமையால் வந்த இழப்பு அது.

நிலையான தீர்வு ஒருங்குறியாகும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் கிடைத்தது. இம்முறையில் ‘த’ என்னும் எழுத்திற்கு உலகெங்கும் ஒரே எண்; எவ்வெழுத்துருவில் நோக்கினும் அது ‘த’ ஆகவே நிற்கும். விண்டோஸ் 2000 முதலாகப் பொதுக் கணினிகள் அதனை ஏற்றன. இலங்கைத் தர நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தமிழ்த் தரம் 2008இல் வந்தது. பாமினியில் தேங்கிக் கிடந்த கோப்புகளை மாற்ற, புலம்பெயர்ந்த ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணன் இணையத்தில் அமைத்த ‘பொங்குதமிழ்’ மாற்றி பெரிதும் பயன்பட்டது.

ஒருங்குறி வந்தபின்னும் விழிப்பு வேண்டியுள்ளது. ‘கௌரி’ என்னும் பெயரை, ஔகாரக் குறியிட்டு எழுதுவோரும் உளர். ஒற்றைக் கொம்பும் ‘ள’கரமும் இட்டுக் ‘கெளரி’ என எழுதுவோரும் உளர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி என்பனவும் அத்தகையவையே. பழைய எழுதுவினைஞர் மனித அறிவால் ஒன்றெனக் கொண்டவற்றை இயந்திரம் வேறெனத் தள்ளிவிடுகின்றது.

பெயரும் ஆவணமும்

மேற்கூறியது எழுத்திலக்கணச் சிக்கலாக மட்டும் நின்றுவிடவில்லை. மலையக மக்களின் வரலாற்றில் ஆவணம் என்பது உரிமையின் மறுபெயர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மக்களை எண்ணிக்கையாற் பங்கிட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. இந்நீண்ட காலத்தில் விண்ணப்பப் படிவத்தில் ஓர் எழுத்துப் பிழை நேர்வது குடும்பத்தையே அலைக்கழிக்கப் போதுமானதாக இருந்தது.

1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டை, வடக்கு கிழக்கிற்கு வெளியே நெடுங்காலம் சிங்களத்திலேயே நிரப்பப்பட்டது. பதுளை மாவட்டத்தின் பண்டாரவளை, அப்புத்தளை, ஹல்துமுல்லை முதலான பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனம் பெற்றன. 2014 முதல் அடையாள அட்டையில் இரு மொழிகளும் இடம்பெற்றன. எனினும் பிறப்புச் சான்றிதழில் ஒருவாறும் பள்ளிப் பதிவில் வேறொருவாறும் உள்ள பெயர்கள் எண்ணில. அரசின் நலன்புரித் திட்டங்களும் தேர்வு விண்ணப்பங்களும் கணினித் தரவுத்தளங்களுக்கு மாறிவரும் இக்காலத்தில், ஒரே பெயரை ஒரே முறையில் எல்லாவிடத்தும் எழுதுவது தன்னைக் காத்துக்கொள்ளும் செயலாயிற்று.

கைத்தொலைபேசிக் காலம்

பெரும்பாலான தோட்டக் குடும்பங்களில் கணினி நுழையுமுன் கைத்தொலைபேசி நுழைந்தது. 2010களில் தமிழ் எழுத்து அக்கருவிகளில் இயல்பாகத் தோன்றலாயிற்று. 2017இல் கூகுள் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் வசதியைச் சேர்த்தது. பிறர் எழுதித்தரக் காத்திருந்த ஒரு தலைமுறையின் வாய்ச்சொல், முதன்முறையாக இடையாளரின்றி எழுத்தாயிற்று.

ஆயினும் குறைகள் தீர்ந்தபாடில்லை. 2020 மார்ச்சில் கொவிட் நோயாற் பள்ளிகள் மூடப்பட்டபோது, மலைமறைவிலுள்ள இடங்களில் அலைவரிசை எட்டவில்லை. லுணுகலைப் பகுதியின் போகிட்டியாவ என்னும் சிங்களக் கிராமத்து மாணவர், ஆசிரியையுடன் காட்டுவழியே நடந்து பாறையுச்சியில் பாடம் பெற்ற செய்தி 2021இல் உலக ஏடுகளில் வந்தது. இத்துன்பம் மொழி கடந்து மலைநாட்டவர் அனைவருக்கும் பொதுவானது என்பதற்கு அது சான்று.

இதனினும் கொடிய பாடத்தை மீரியபெத்தை கற்பித்தது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள அத்தோட்டத்து லயங்கள் மண்சரிவிற் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தகவல் இருந்தது, அது மக்களை இடம்பெயர்த்துக் காக்கும் செயலாக மாறவில்லை. மாண்டோர் எத்தனைபேர் என்பதிலும் முதலிற் கூறிய தொகை பலமுறை மாறிற்று. நாள்தோறும் பெயர்பதியும் ஏடுகள் நூறாண்டாக இருந்த மண்ணில், இறந்தோரின் பெயர்களை உறுதிசெய்ய இயலாது தடுமாறிய காட்சி அது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளுக்கு இரையாயிற்று. மின்சாரமும் தொலைத்தொடர்பும் பலவிடங்களில் துண்டிக்கப்பட்டன. வேண்டிய வேளையில் கருவி மௌனமாகிவிடும் என்பதும் எண்ணத்தக்கதாயிற்று.

முடிவுரை

தகரச்சீட்டில் எண்ணாகவும், செக்றோலில் ‘பேர்’ ஆகவும், தரவுத்தளத்தில் ஆங்கிலக் குறியாகவும் இருந்த தொழிலாளி, இன்று தமது பெயரைத் தமது மொழியில் தாமே எழுதக்கூடிய நிலையை எய்தியுள்ளார். எழுதவல்லார் எல்லாரும் எழுதுகின்றனர் என்று இதற்குப் பொருளில்லை. கடையில் மின்னஞ்சற் கணக்குத் திறந்து, கடவுச்சொல்லைக் கடைக்காரரின் குறிப்பேட்டிலேயே விட்டுவருதல் பழைய கங்காணி முறையின் புதிய வடிவமாகும். கடவுச்சொல்லைத் தாமே அமைத்துத் தம்மிடமே வைத்தலும், தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவருக்கும் கூறாமையும், ஆவணங்களை ஒருங்குறியில் எழுதிப் படியொன்றைப் பேணுதலும் சிறு செயல்களாகவே தோன்றலாம். பிறர் எழுதிய ஏட்டில் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த சமுதாயத்திற்கு அவை சிறியன அல்ல. விடுமுறையில் தோட்டம் திரும்பும் பல்கலைக்கழக மாணவர், பெற்றோருக்கு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதோடு நில்லாது, நிரப்பும் முறையைக் கற்பித்து வருவாராயின், தபாற்பை அலுவலகத்திற் பிரிக்கப்பட்ட காலம் உண்மையில் முடிவடையும்.