தண்ணீர் புகுந்த சுரங்கமும் ஆல்பர்ட் பதக்கமும்

1877 ஏப்ரல் 11. வேல்ஸ் தேசத்து ரோண்டா பள்ளத்தாக்கில், போர்த் ஊரருகே இருந்த டீனெவித் நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் முடியும் வேளை. பக்கத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய சுரங்கத்தில் தேங்கியிருந்த தண்ணீர் திடீரென்று உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. 14 பேர் வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொண்டார்கள்.

தேடிப்போனவர்கள் நிலக்கரிச் சுவருக்கு அப்பாலிருந்து தட்டும் சத்தத்தைக் கேட்டார்கள். ஐந்து பேர் அங்கே உயிரோடு இருந்தார்கள். கீழேயிருந்து ஏறிய தண்ணீர் அவர்கள் இருந்த மேட்டில் காற்றை அடைத்து அழுத்தி வைத்திருந்தது. அந்தக் காற்றுதான் அவர்களைக் காத்தது. அதுவே எமனாகவும் ஆனது. சுவரில் துளை விழுந்த நொடியில் அடைபட்ட காற்று சீறி வெளியேற, வில்லியம் மோர்கன் என்ற இளைஞர் அந்தத் துளையில் வீசப்பட்டு அங்கேயே செத்தார். மற்ற நால்வர் பிழைத்தார்கள்.

இன்னும் ஆழத்தில், வேறோரிடத்தில், ஒரு சிறுவன் உட்பட ஐந்து பேர் இருந்தார்கள். லண்டனிலிருந்து வந்த முக்குளிப்பவர்களால் அங்கே போய்ச்சேர முடியவில்லை. நாள்கணக்கில் தண்ணீரை இறைத்துவிட்டு, 16ஆம் தேதிதான் கரியை வெட்டத் தொடங்கினார்கள். வெட்டவேண்டியது சுமார் 38 கஜம். மோர்கனுக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேரக்கூடாதென்று, பின்னால் காற்றுக் கதவுகள் போட்டு, இந்தப் பக்கமும் காற்றழுத்தத்தை ஏற்றினார்கள். வெட்டுகிறவர்களை விஷவாயு துரத்தியது. பின்வாங்கிவிட்டுத் திரும்பவும் போனார்கள். கதவுக்கு உள்ளே நின்று வெட்டுகிறவனுக்குத் தெரியும், துளை விழும்போது காற்றும் தண்ணீரும் தன் மேல்தான் வரும் என்று. 20ஆம் தேதி ஐவரையும் உயிரோடு வெளியே கொண்டுவந்தார்கள். மோர்கனையும் சேர்த்து மொத்தம் ஐந்து பேர் இறந்தார்கள், ஒன்பது பேர் பிழைத்தார்கள்.

ஆல்பர்ட் பதக்கம் 1866இல், விக்டோரியா ராணியின் மறைந்த கணவர் ஆல்பர்ட் பெயரால் ஏற்பட்டது. டீனெவித் விபத்து வரை கடலில் உயிர் காத்தவர்களுக்கு மட்டும்தான் அது. முதலில் பெற்றவர் டெவன் கரையோரத்துக் குத்தகை விவசாயி சாமுவேல் பாப்பிள்ஸ்டோன். உடைந்த கப்பலிலிருந்து மாலுமிகளை மீட்டவர். டீனெவித்துக்குப் பிறகுதான் ராணி அதை நிலத்துக்கும் விரித்தார். அங்கே மீட்புக்குப் போன 25 பேருக்குக் கிடைத்தது. முதல் வகுப்பு நான்கு பேருக்கு. நீள்வட்டப் பதக்கம், நடுவில் பின்னிக்கொண்ட வி, ஏ எழுத்துகள். கடலுக்கானதில் நங்கூரமும் நீல எனாமலும். நிலத்துக்கானதில் நங்கூரம் இல்லை, எனாமல் சிவப்பு. பின்பக்கம் வாங்குகிறவரின் பெயரும், எங்கே, எப்போது, என்ன செய்தார் என்பதும் வெட்டியிருக்கும்.

அந்த நால்வரில் டேனியல் தாமஸ் என் மனதை விட்டுப் போவதில்லை. 1884இல் பெனிகிரெய்க்கில் வெடிவிபத்து நடந்தபோது, சட்டைப்பையில் பதக்கம் இருந்தால் போதுமென்று அவர் வீட்டில் உட்காரவில்லை. மீட்கப் போனார். திரும்பி வரவில்லை.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். அப்பா சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர். பாறை வெடிப்பதை எங்கள் லைனில் ஏர்பிளாஸ்ட் என்பார்கள். வீட்டுச் சாமான்கள் ஆடினால், அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஷாஃப்ட்டுக்கு நடப்பாள். கூண்டு மேலே வரும்போதெல்லாம் பெண்கள் முகங்களை எண்ணுவார்கள். அதே கூண்டில் கீழே இறங்குகிற மீட்புக்காரர்களை யாரும் எண்ணியதில்லை. அப்படி இறங்கினவர்களைப் பார்த்து வளர்ந்ததால்தான் இந்தப் பதக்கத்தின் கதை எனக்கு வெறும் தகவலாகப் படவில்லை.

1907இல் சுரங்கத் தொழிலாளிக்கென்றே எட்வர்ட் பதக்கம் வந்தது. 1909இல் மற்றத் தொழிற்சாலைகளுக்கும் விரிந்தது. சுரங்கத்துக்கான பதக்கத்தின் பின்பக்கம், விழுந்த தோழனைத் தாங்கும் ஒரு சுரங்கத் தொழிலாளியின் உருவம். ராஜாவின் தலை ஒரு பக்கம், நம்மவன் மறுபக்கம். இதைவிடப் பெரிய மரியாதை அந்தத் தொழிலுக்கு யாரும் செய்ததில்லை என்பேன்.

பிறகு 1940இல் ஜார்ஜ் கிராஸ் என்ற புதிய வீரப் பதக்கம் வந்தது. அதற்கு இருந்த மதிப்பு பழைய இரண்டுக்கும் இல்லாமல் போயிற்று. 1949க்குப் பிறகு இவை இறந்தவர்களுக்கு மட்டும் என்று சுருங்கின. உயிரோடிருந்தவர்கள் மார்பில் குத்திக்கொண்டு வந்தால் அது என்ன பதக்கம் என்று கேட்கும் நிலை. 1971இல் இரண்டையும் நிறுத்திவிட்டு, உயிரோடிருப்பவர்கள் எல்லோரும் ஜார்ஜ் கிராஸ் பெற்றவர்களாகவே கருதப்படுவார்கள், விரும்பினால் பதக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்றது அரசு. பெரும்பாலோர் மாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்குக் கிடைக்கவேண்டிய மரியாதைதான் அது, தாமதமாக வந்தது. சிலர் மட்டும் வேண்டாமென்று பழைய பதக்கத்தையே வைத்துக்கொண்டார்கள். அவர்கள் காரணம் எதுவானாலும், என் அப்பாவுக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தால் நான் கொடுத்திருக்கமாட்டேன். புதியது எவ்வளவு உயர்ந்ததானாலும், அதில் அந்தச் சுரங்கத் தொழிலாளியின் உருவம் கிடையாது.