ஹாட்கிலாவும் பாறும்: புதைபடிவப் பெயர்கள் குறித்த ஒரு சொல்லாய்வுக் குறிப்பு

ஆஸ்திரேலியாவின் ஏர் ஏரி வட்டாரத்தில் கிடைத்த புதைபடிவ எலும்பு ஒன்றை 1905இல் சார்லஸ் டி விஸ் 'ஈகிள்' வகைப் பறவையினுடையது எனக் கொண்டு பெயரிட்டார். 2022இல் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் எலன் மேத்தர் குழுவினர், அதனையும் குகைகளிற் கிடைத்த பிற எலும்புகளையும் ஒப்பிட்டு, அது அழிந்துபோன 'வல்ச்சர்' இனம் என நிறுவினர். இரையைப் பற்றிக் கொல்வதற்குரிய தசைவலிமை காலெலும்பில் புலப்படாமை முதன்மைச் சான்றாயிற்று. 'மறைந்திருந்த பாறு' எனப் பொருள்படும் கிரிப்டோஜிப்ஸ் என்பது அதன் புதுப்பெயர்.

இச்செய்தியைத் தமிழாக்குவோர் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்வர். ஈகிள், வல்ச்சர் இரண்டையும் பொதுவழக்கு 'கழுகு' என்றே சுட்டுகிறது. 'கழுகு எனக் கருதப்பட்டது கழுகே எனத் தெரியவந்தது' என எழுதினால் கண்டுபிடிப்பே மறைந்துவிடும். 'பிணந்தின்னிக் கழுகு' என்னும் தொடரும் கழுகின் ஒருவகை என்ற கருத்தையே தருகிறது. பண்டை இலக்கியத்தில் பயிலும் 'பாறு' என்னும் சொல்லை அண்மைக்காலத்தில் இயற்கைப் பாதுகாப்பாளர் மீட்டெடுத்துள்ளனர். மொழிபெயர்ப்பாளரும் அதனை ஏற்பதே தக்கது.

கல்கத்தாவோடு தொடர்புடைய சான்று மொழியியலார்க்கு இன்னும் சுவையானது. சிவாலிக் குன்றுகளில் 1830களில் ஹியூ ஃபால்கனரும் புரோபி காட்லியும் திரட்டிய எலும்புகளுள் ஒரு பகுதி லண்டனுக்குச் சென்றது. வங்காள ஆசியக் கழகத்திலிருந்த புதைபடிவங்களுக்கு ஃபால்கனர் ஆக்கிய பட்டியல் 1859இல் வெளிவந்தது. சிவாலிக் பெருநாரை ஒன்றுக்கு 1868இல் மில்ன்-எட்வர்ட்ஸ் 'ஆர்கலா ஃபால்கனரி' எனப் பெயரிட்டார். 1974இல் ஹாரிசன் அதன் எலும்புகளை மறுஆய்வு செய்தார். 2005இல் லூஷார் குழுவினர் ஆப்பிரிக்கப் புதைபடிவங்களையும் அவ்வினத்துள் அடக்கினர்.

'ஆர்கலா' வங்காளச் சொல்லின் திரிபு. ஹாட் (எலும்பு), கிலா (விழுங்குவது) என்பன சேர்ந்த ஹாட்கிலா, எலும்பையும் விழுங்கும் பெருநாரையைக் குறிக்கும். வங்காள வளைநா வருடொலியை ஆங்கிலேயர் ரகரமாகக் கேட்டனர். சொன்முதல் ஹகரமும் நாளடைவில் உதிர்ந்தது. எஞ்சிய வடிவத்தை வடமொழி அறிந்தார் 'தாழ்ப்பாள்' எனப் பொருள்படும் அர்கலா என்றே கொள்ளக்கூடும். ஒலியொப்புமையை மட்டும் நம்பும் சொற்பிறப்பியலுக்கு இது நல்ல எச்சரிக்கை. எலும்பின் புறவடிவை மட்டும் நோக்கியவர்க்கும் அதே இடர்தான் நேர்ந்தது. பின்னர் அவ்வினம் லெப்டாப்டிலாஸ் என்னும் பேரினத்துள் வைக்கப்பட்டதால், புதைபடிவப் பெயரிலிருந்து வங்காளச் சொல்லின் தடமும் மறைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் மாளிகைக் கூரைகளில் நின்ற ஹாட்கிலாவை இன்று டாக்குரியா ஏரிக்கரையிலும் காண இயலாது. மாநகராட்சியின் பழைய சின்னத்தில் அதன் உருவம் உண்டு. அஸ்ஸாமில் பறவையும் பெயரும் ஒருங்கே வாழ்கின்றன. பழைய ஆங்கில நூல்களில் வரும் 'ஆர்கலா'வைத் தமிழாக்குவோர் அதனை எழுத்துப்பெயர்த்து விட்டுவிடாமல், முதல் வழக்கில் ஹாட்கிலா என்றும் அடைப்பில் பெருநாரை என்றும் தருதல் பொருந்தும்.